அம்மாவின் வண்டிக்கு வைத்த வணக்கம்

அம்மா ஸ்கூட்டர் வாங்கிய புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மில் சம்பளத்தைச் சேர்த்து அவளே வாங்கிய வண்டி. துடியலூரில் எதிரே வருகிற அத்தனை பேரும் அவளுக்கு வணக்கம் வைத்தார்கள். பால்காரர், ஆட்டோக்காரர், ஒருநாள் போலீஸ்காரர்கூட, கையைத் தூக்கி விரல்களை மூடி மூடித் திறந்து காட்டினார்கள். வண்டியில் முன்னால் நின்றுகொண்டு நானும் எல்லோருக்கும் அப்படியே பதில் வணக்கம் வைப்பேன். எங்கள் வகுப்பில் எவள் அம்மாவுக்கு இந்த மரியாதை உண்டு?

பகலில் லைட் எரிகிறது, அணை என்பதற்கான சைகை அது என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? அப்பாவுக்கு அது பெரிய மானக்கேடு. லைட்டை அணைக்கத் தெரியாதவளெல்லாம் வண்டி ஓட்டுகிறாள் என்று டீக்கடையில் சிரித்தார்களாம். புது வண்டிகளில் அது தானாக எரியும், அணைக்கச் சுவிட்சே கிடையாது என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு சுவிட்ச் வை, இல்லாவிட்டால் வண்டியைத் தொடாதே என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் மெக்கானிக் கடைக்குக் கிளம்பினோம். அப்பா பின்னால் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெண்டாட்டி ஓட்ட அவர் உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. எதிரே வந்த மண் லாரி கிளப்பிய புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் புழுதிக்குள்ளிருந்து, லாரியை முந்திக்கொண்டு, ஒரு பஸ் நேராக எங்கள் மேல் வந்தது. அம்மா ஓரத்துக்கு ஒடித்தாள். பஸ் கிறீச்சிட்டு லாரியின் பின்னால் ஒதுங்கியது.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். அவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

"லைட்டு தெரிஞ்சுதுங்க, நிறுத்திட்டேன். இல்லீனா மேலயே ஏத்திப்போட்டிருப்பேனுங்க."

அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "ஊட்டுக்கே திருப்பு அம்மணி" என்றார்.

"ஏனுங்க, சுவிட்சு?"

"எரியட்டும்."

திரும்பும்போது அவர் கை கம்பியில் இல்லை, அம்மாவின் தோளில் இருந்தது. விழுந்துவிடுவோமென்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பியபோது அப்பா வாசல் கேட் அருகில் வந்து நின்றார். வீதியே பார்க்க, கையைத் தூக்கி விரல்களை மூடி மூடித் திறந்தார். கடைசியில் அப்பாவும் வணக்கம் வைத்துவிட்டாரே என்று எனக்கு ஒரே பெருமை. அம்மா எதற்கு முகம் சிவந்து சிரித்தாள் என்பதுதான் அப்போது விளங்கவில்லை.