பட்டியலிலிருந்து உருவிய தாள்

இதை எழுதலாமா என்று முருகன் படத்துக்கு முன்னால் பல நாள் உட்கார்ந்து யோசித்தேன். கடைசியில் என் சம்சாரம்தான், "எழுதுங்க. நம்மளாட்டம் எங்கயாச்சும் ரெண்டு பேரு பேசத் தெரியாம முழிச்சுக்கிட்டு இருப்பாக" என்றாள். அவள் சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் நாகல் நகரில் ஒரு பைண்டிங் கடையில் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன். ஆனாலும் ஊரில் படித்தவர்கள் வீட்டுப் புத்தகமெல்லாம் என் கை வழியாகத்தான் போய் வந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி ஒரு சட்டம் சொன்னார்: "அப்பு, பைண்டிங்காரன் பக்க நம்பர மட்டுந்தான் பாக்கணும். எழுத்தப் பாத்தா வேலையும் ஓடாது, அடுத்த வீட்டு ரகசியமும் நம்மகிட்ட தங்காது." அந்தச் சட்டத்தை நான் மீறியது ஒரே ஒரு தடவைதான்.

என் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாண வயசு வந்ததிலிருந்து, பெண் என்றால் என் மனசு பாதத்தில்தான் போய் நிற்கும். மற்றவர்கள் முகத்தைச் சொல்வார்கள், கூந்தலைச் சொல்வார்கள். எனக்கு ஈரத் தரையில் பதிந்த காலடி போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாரையும் நான் தொட்டதில்லை, பின்னால் போனதில்லை. தலையைக் குனிந்தே நடந்ததால் தெருவில் எனக்கு அடக்கமான ஆள் என்று பெயர் வேறு. குனிந்தால்தானே வினை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கோயிலில் சாமியின் பாதத்தைப் பார்த்துக் கும்பிடச் சொல்வார்கள். எனக்கு அங்கே பார்க்கவே கூசும். இதை என்னிடமிருந்து எடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டு மூன்று தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தேன். வழியெல்லாம் ஆயிரம் ஆயிரமாக வெறுங்கால்கள். முருகன் சோதிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வாய்த்தவள் பக்கத்துக் கிராமமான அகரத்துக்காரி. தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக் கட்டிக் குதிகால் வெடித்துப்போன பெண். அம்மியில் அவள் காலைத் தூக்கி வைத்து மெட்டி போட்டபோது என் கை நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்து அவள் வீட்டுப் பெண்கள், "மாப்ளைக்கு இப்பவே பயம் வந்துருச்சுடி!" என்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு நிமிர்ந்து அவள் முகத்தையும் நான் பார்க்கவில்லை, குனிந்து அவள் காலையும் பார்க்கவில்லை. என் அசிங்கம் அவள் மேல் ஒட்டிவிடக் கூடாது என்று பாயைத் தள்ளிப் போட்டேன். அப்படியே நாலு வருஷம். அசிங்கத்தைத் தள்ளி வைப்பதாக நினைத்து அவளையே தள்ளி வைத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் சோற்றைப் போட்டுவிட்டு அவள் நின்றாள். "என்கிட்ட என்ன கொறன்னு சொல்லிருங்க. சொல்லாட்டி, தை கழிஞ்சதும் நான் அகரத்துக்கே போயிர்றேன். இங்க சும்மா குந்தியிருக்கறதுக்கு அங்க களையாச்சும் எடுப்பேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

அந்த வாரம்தான் டாக்டர் கடைக்கு வந்தார். மதுரையில் மனநோய் வைத்தியம் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். ஒல்லியாக இரண்டு இங்கிலீஷ் புத்தகமும், தமிழில் அவரே கையால் எழுதிய ஒரு நோட்டும் கொண்டுவந்திருந்தார். "இது ரெண்டும் வெளிநாட்டுல மனசு சீக்குக்குப் போட்ட பட்டியல். ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. நோட்டு என்னோட புலம்பல். மூணையும் ஒரே அட்டைக்குள்ள கட்டிக் குடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நோட்டின் தையலைப் பிரித்துத் தாள்களை வரிசை பார்த்தேன். பக்க நம்பர் எழுதியிருக்கவில்லை. எழுத்தைப் பார்த்துத்தான் வரிசை சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிப் பார்க்கையில் ஒரு வரி கண்ணில் பட்டது: "பெண்ணின் பாதம், செருப்பு முதலியவற்றின் மேல் ஆசை செல்வோர்."

உலகத்தில் எனக்கு மட்டும்தான் இப்படி என்று இருந்தவன் நான். அடுத்த வரியைப் படித்தேன். பிறரைத் துன்புறுத்தி மகிழ்வோர். அதற்கும் கீழே பலவந்தம் செய்வோர். மேலே, பழைய பட்டியலிலிருந்து எடுத்தெழுதியது என்ற குறிப்போடு தலைப்பு: சமூகத்துக்கு ஆகாதவர்கள். எல்லாரும் ஒரே வரிசையில் இருந்தார்கள், நடுவில் நான்.

முதலாளி எழுந்து வருகிற சத்தம் கேட்டது. என்ன நினைத்தேனோ, அந்தத் தாளை உருவி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். வேறு எங்கே வைப்பது?

மடித்துத் தைக்கிற நோட்டில் எந்தத் தாளும் தனித் தாள் இல்லை. ஒரு முழுத் தாளின் பாதி முன்னால் வரும், மறு பாதி பின்னால் வரும். முன்பாதியை நான் கிழித்து உருவியதும், பின்பாதி பிடிப்பில்லாமல் கழன்று வந்துவிட்டது. அதைப் படிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையை ஓரத்தில் தடவி, பக்கத்துத் தாளோடு ஒட்டினேன். என் வேலையிலேயே அவ்வளவு நேர்த்தியாக எதையும் ஒட்டியதில்லை.

டாக்டர் வாங்க வந்த அன்று முதலாளி சாப்பிடப் போயிருந்தார். டாக்டர் புத்தகத்தைப் புரட்டி, அந்த இடத்தில் நிறுத்தி, விரலால் தடவிப் பார்த்தார்.

"இம்புட்டு அழகா எதுக்குப்பா ஒட்டியிருக்க? இதோட சோடி எங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அந்தத் தாள்ல என்னையப் பத்தி எழுதியிருந்துச்சுங்க ஐயா" என்றேன்.

"உன்னையா? உன்னைய இப்பத்தான ரெண்டாவது தடவ பாக்குறேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"யாரையாவது கட்டாயப்படுத்தியிருக்கியா?"

"தொட்டதே இல்லீங்க."

"பொண்டாட்டியக்கூடவா?"

நான் பசைச் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"பழைய பட்டியல்ல உங்களையெல்லாம் ரவுடிப் பயலுக கூடச் சேத்துக் கட்டியிருந்தான்" என்றார் டாக்டர். "புதுசுல அங்கருந்து எடுத்துத் தனி அலமாரியில வச்சிருக்கான். ஆனா, அடுத்தவங்கள நோகடிக்கிறவனும் நோகடிக்காதவனும் இன்னும் ஒரே தட்டுலதான் இருக்கான். இதுல எனக்கும் என் கூடப் படிச்ச ஒருத்தருக்கும் கடுதாசியிலயே சண்டை. ஊரோட ஒத்துவராத ஆசையெல்லாம் நோய்தாங்கறார் அவர். நான் இல்லேங்கறேன். யார் சரின்னு எனக்கே நிச்சயமாத் தெரியாது. பட்டியல் போட்டவனே இன்னும் கொஞ்ச வருசத்துல அடிச்சுத் திருத்துவான், பாரு." பிறகு நான் ஒட்டிய தாளைத் தட்டிக் காட்டினார். "இதப் படிச்சியா? சோடிய மட்டும் திருடிட்டு, மிச்சத்தப் படிக்காம ஒட்டிட்டியா?"

படித்தேன். அவர் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனாலும் புரிந்தது. யாரையும் வருத்தாதவனை வருத்துகிறவனோடு ஒரே கட்டாகக் கட்டுவது நியாயமில்லை என்று எழுதியிருந்தார். பெயர் வைப்பதற்கு முன்னால், இதனால் வருந்துவது யார் என்று கேட்க வேண்டும் என்றும் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

வருந்துவது யார்? காலையில் சோற்றைப் போட்டுவிட்டு நின்றாளே, அவள்தான். அவளை வருத்தியது என் ஆசை இல்லை. நான் வாய் திறக்காததுதான்.

"தாளக் கொண்டாந்து சோடியோட சேத்துத் தச்சுரு" என்றார் டாக்டர். "முதலாளிகிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். மருந்து எழுதித் தருவேன்னு நிக்காத, வீட்டுக்குப் போ."

முதலாளி வந்ததும் சொல்லிக்கொண்டு மதியமே வீட்டுக்குப் போனேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படத்துக்குப் பின்னால் இருந்த தாளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். கீரைக் காம்பு ஒடிகிற சத்தம் நின்றுவிட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "என் மூஞ்சி பிடிக்கலையோன்னு நாலு வருசமா அந்தக் கண்ணாடியில பாத்துப் பாத்து அழுதிருக்கேனே, பாவி மனுசா!" சொல்லிவிட்டு முந்தானையால் காலை வெடுக்கென்று மூடிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. கட்டுன புருசன் பொண்டாட்டி காலத் தொடக் கூடாது. எனக்குத்தான் பாவம் சேரும். அதமட்டும் கேக்காதீக."

"கேக்கமாட்டேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அன்று என் பாயை அவள் பாய்க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். எனக்கு அதுவே போதும்போல இருந்தது. மறுநாள், டாக்டர் கடையில் விட்டுப்போயிருந்த கட்டைப் பிரித்து, கிழிந்த மடிப்பில் மெல்லிய தாளை ஒட்டி, இரண்டு பாதியையும் ஒன்றாகத் தைத்துக் கொடுத்தேன்.

தை கழிந்தது. அவள் அகரத்துப் பேச்சை எடுக்கவில்லை. மாசியில் ஒரு சனிக்கிழமை தாடிக்கொம்பு கோயிலுக்கு நடந்து போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தாள். வந்ததும் வராததுமாக முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்து கால் இரண்டையும் நீட்டினாள்.

"இங்க வாங்க. சாமி முன்னாடி நின்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். கல்யாணத்தன்னைக்கு அம்புட்டுச் சனத்துக்கும் முன்னாடி, அக்கினி சாட்சியா என் காலப் புடிச்சு மெட்டி போட்டீகள்ல? அன்னைக்கு ஐயரும் பாவம்னு சொல்லல, எங்க அப்பாவும் சொல்லல. அப்ப அது பாவமில்லேன்னா இப்ப எப்படிப் பாவமாகும்?"

எந்தப் பட்டியலிலும் அதற்குப் பதில் இருந்திருக்காது.

"மெட்டி இறுக்குது" என்றாள். "கழட்டி, விரல நல்லாத் தொடச்சுட்டுத் திரும்ப மாட்டி விடுங்க."

எதிரில் உட்கார்ந்து அவள் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மெட்டி லேசில் வரவில்லை. விளக்கெண்ணெய் தொட்டுத் தடவி மெல்லச் சுற்றி எடுத்தேன். அது இருந்த இடத்தில் நாலு வருஷம் வெயிலே படாத ஒரு வெள்ளை வளையம் இருந்தது. வெடிப்புக்குள் தாடிக்கொம்புப் பாதையின் செம்மண். துண்டை நனைத்துத் துடைத்தேன்.

"கூசுது" என்று சொல்லிச் சிரித்தாள். காலை இழுத்துக்கொள்ளவில்லை.