சூளைக்குள் பிடித்து வைத்த பிள்ளையார்

அரசு அலுவலகத்தில் இருந்தவரை தவறுகளை மற்றவர்களிடம்தான் கண்டுபிடித்தேன். ஓய்வு பெற்று, திண்டிவனம் வீட்டின் பின்புறத்தில் மண் கோப்பைகள் சுட மின்சாரச் சூளை வைத்த பிறகு அவை வீட்டுக்கே வந்து சேர்ந்தன. முதல் தடவை, சரியாகக் காயாத கோப்பைகள் வெடித்தன. அடுத்த தடவை பளபளப்புக்காகப் பூசிய மேற்பூச்சு உருகி வழிந்து, கோப்பைகள் சூளையின் அடித்தட்டோடு நிரந்தர உறவு கொண்டன. அவற்றிலிருந்து நான் கற்ற முதல் விதி: ஈரமுள்ள எதையும் சூளைக்குள் விடக் கூடாது.

இந்த நிலையில் என் மனைவி, மருமகளின் வளைகாப்புக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தாம்பூலத்தோடு நான் செய்த காபிக் கோப்பை தருவதாக விழுப்புரம் சம்பந்தியம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். அவர் சிரித்தாராம். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லும் பொறுப்பு சூளையின் தலையில் விழுந்தது.

கோப்பைகளை நன்றாக உலர்த்தி, ஒருமுறை சுட்டு, நீலத்தில் மாங்காய் வரைந்தேன். கத்திரிக்காய் அழகாக இருக்கிறது என்றாள் மனைவி. மேற்பூச்சில் முக்கி, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கிவிட்டுக் கைகழுவப் போனேன். திரும்பி வந்தபோது சூளை மூடியிருந்தது. மனைவியின் ஒத்துழைப்பை மனதுக்குள் பாராட்டி சுவிட்சைப் போட்டேன்.

சற்று நேரத்தில் உள்ளே ‘டப்’ என்றது.

“உள்ளே ஏதாவது வச்சியா?”

“புள்ளையார்தாங்க. மிச்சமிருந்த மண்ணுல புடிச்சி நடுவுல வச்சேன். போன ரெண்டு தடவையும் சாமி கும்புடாமத்தானே கெடுத்துக்கினீங்க.”

“ஈர மண்ணா?”

“பின்ன? காஞ்ச மண்ணுல யாருங்க புள்ளையார் புடிப்பாங்க?”

சூடேறிய சூளையைப் பாதியில் திறக்க முடியாது; ஆறும்வரை காத்திருந்தேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள் சூளை ஆறியது. திறந்து பார்த்தால், வெடித்த பிள்ளையார் மேற்பூச்சில் பதிந்து, கோப்பைக்குக் கோப்பை பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தார். மனைவி அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கடையில் வேறு கோப்பை வாங்கிவிடலாம் என்றேன்.

“நான் தர்றதா வாக்குக் குடுத்தது உங்க கோப்பையைங்க.”

மறுநாள் சம்பந்தியம்மா தன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா அண்ணி இது, ஒட்டிக்கினு இருக்குது?”

“தும்பிக்கை,” என்றாள் மனைவி, தலை நிமிராமல். “சூளையில புள்ளையார் வச்சேன். வெடிச்சிட்டாரு.”

சம்பந்தியம்மா கோப்பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன்பின் கூடத்தில் யாரும் யாருக்கும் கட்டுப்படவில்லை.

“எனக்குக் காது!”

“எனக்கு வெறும் மண்ணுதான் வந்திருக்குது, மாத்திக் குடுங்க.”

“ஏய், அது தொந்திடீ!”

இன்றுவரை அந்தக் கோப்பைகளில் ஒருவரும் காபி குடிக்கவில்லை. எல்லாம் பூஜை அலமாரிகளில் இருக்கின்றன. மாங்காயைப் பற்றி யாரும் பேசவில்லை. குழந்தையைத் தொட்டிலில் போடும் விசேஷத்துக்கும் கோப்பை வேண்டுமாம். “எல்லாத்துலயும் தும்பிக்கை வர்ற மாதிரி பாத்துக்குங்க அண்ணா,” என்கிறார் சம்பந்தியம்மா.

முதல் விதியைத் திருத்திவிட்டேன்: பிள்ளையார் நீங்கலாக. பின்புறத்தில் மனைவி வரிசையாகப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். காய்ந்துவிடாமல் அவ்வப்போது தண்ணீர் தெளிப்பது என் வேலை.