பிரேக் அக்காவின் படபடப்பு

டிரைவிங் ஸ்கூலில் பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அவரை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை அவர் மிதிக்காத நாள் கிடையாது. ஒவ்வொரு மிதிக்கும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கடைசியில் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

“பயந்தா நரம்பு நுனியிலேர்ந்து அட்ரினலின் மாதிரி ஒண்ணு சுரக்கும்மா. அது இதயத்துல இருக்கிற ஏற்பிங்கிற இடத்துல உக்காந்துதான் ‘வேகமா அடி’ன்னு சொல்லும். இந்த மாத்திரை முந்திக்கிட்டுப் போய் அந்த இடத்தைப் புடிச்சுக்கும்.”

நாலாம் நாள், கார் கற்க வந்த கணக்கு வாத்தியார் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தினார். கார் பூங்காச் சுவரை நோக்கிப் பாய்ந்தது. அக்கா மிதித்தார். நடுவே ஒரு சாண்தான் மிச்சம்.

வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது. அக்கா தன் நாடியைப் பிடித்து எண்ணினார். நிமிடத்துக்கு அறுபத்தாறுதான். உயிரோடுதான் இருக்கிறோமா என்று அவருக்கே சந்தேகம் வந்து, கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

“உங்களுக்கு ரொம்ப தைரியம்க்கா.”

“தைரியமாவது மண்ணாவது! எல்லாம் மாத்திரை. ஏன் சார், உங்களுக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?” என்று ஆரம்பித்தவர் கால் மணி நேரம் ஓயவில்லை.

சாயங்காலம் நடந்ததைச் சொன்னபோது கணவர் கேட்டார்: “மாத்திரை போட்டுமா அவரை அந்தத் திட்டு திட்டின?”

“அது நெஞ்சுக்குக் குடுத்ததுங்க. நாக்குக்கு ஒண்ணும் எழுதித் தரல.”

அடுத்த முறை நாக்குக்கும் ஒரு மாத்திரை எழுதி வாங்கிவரச் சொல்லிக் கணவர் நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.