பெயருக்குக் கீழே ஒரு வரி

கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயருக்குக் கீழே அவருடைய உத்தியோகம் என்ன என்று ஒரு வரி போடுவார்கள். அந்த ஒரு வரியால் என் மகளின் கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் கடற்படை பேண்டில் டிரம்பெட் வாசித்து ஓய்வு பெற்றவர். அதைத்தான் போட்டிருந்தோம். சிவாஜிநகர் அச்சகத்திலிருந்து பத்திரிகையின் மாதிரி வாட்ஸ்அப்பில் வந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சம்பந்தி வந்து உட்கார்ந்துவிட்டார். சேலத்துக்காரர். நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே சொல்கிறார்:

"தப்பா நினைச்சுக்காதீங்க. பேண்டுங்கிறதை மட்டும் எடுத்துடலாம். எங்க ஊர்ல கல்யாண ஊர்வலத்துக்கு வாசிக்கிறவர்னு நினைச்சுப்பாங்க. வெறும் நேவின்னு இருந்தா கௌரவமா இருக்கும்."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "நினைச்சா நினைக்கட்டுமே! ஊர்வலத்துல வாசிக்கிறவங்க என்ன, திருடியா சாப்பிடுறாங்க?"

"அதுக்கில்லைங்க. சண்டைக்குப் போனவர்னா ஒரு மரியாதை..."

சண்டையாம்! வெளிநாட்டுப் போர்க்கப்பல் வந்தால், கொளுத்துகிற வெயிலில் துறைமுகத்தில் நின்று அந்த நாட்டுத் தேசிய கீதத்தை வாசித்தவர் இவர். நம் கப்பல் மாதக்கணக்கில் கடலுக்குப் போகும்போது, கரையில் அழுதுகொண்டு நிற்கும் பெண்டாட்டி பிள்ளைகளின் எதிரில் உதடு நடுங்காமல் வாசித்தவர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பேண்ட்காரர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சண்டை வந்தால் வாத்தியத்தை வைத்துவிட்டு, அடிபட்டவனை ஸ்ட்ரெச்சரில் தூக்க வேண்டும். அதற்கும் பயிற்சி எடுத்தவர். கொடி போர்த்திய பெட்டிக்கு முன்னால், செத்தவனின் அம்மா கதறக் கதற, ஒரு சுரம் பிசகாமல் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் கிடந்தார். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இந்தச் சம்பந்தி பார்த்தாரா?

இத்தனையையும் அவர் முகத்துக்கு நேரே கொட்டினேன். "அப்போ நாங்களும் இந்தச் சம்பந்தத்தை யோசிக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

அவரைவிட என்னை எரிய வைத்தது என் வீட்டுக்காரர்தான். அத்தனை நேரம் அதே கூடத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுக்காத. எடுத்துடு. பொண்ணு கல்யாணம் முக்கியம்" என்கிறார்.

"உங்களுக்கு ரோஷமே கிடையாதா?" என்று கத்தினேன்.

"அடுத்தவங்க மரியாதைக்கு வாசிக்கிறதுதான் என் வேலை. ரிட்டயர் ஆன அன்னிக்கு டிரம்பெட்டை ஸ்டோர்ல ஒப்படைச்சுட்டு பஸ் ஏறினேன். எனக்குன்னு யாரும் வாசிக்கல. இப்ப மட்டும் எதுக்கு?"



மகள் உள்ளறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. வெளியே வந்தாள், என் போனை எடுத்தாள், சம்பந்திக்கே அடித்தாள்.

"அங்கிள், எங்கப்பா பேருக்குக் கீழ பேண்டுன்னுதான் இருக்கும். அது வேணாம்னா என் பேரையும் எடுத்துடுங்க. வேற பொண்ணு பேரைப் போட்டுக்கோங்க."

இவர் பதறிப்போய், "வை கண்ணு, போனை வை" என்று கையை நீட்டினார். அவள் வைக்கவில்லை. "சரிம்மா, இருக்கட்டும்" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்வரை வைக்கவில்லை.

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.