“கோயி பாயிண்ட்?” என்று கேட்டபோது எழுந்து நின்றேன்

ராணுவத்தை விட்டு ஓடிவிடலாம் என்று பையைக் கட்டி வைத்தவன் நான். சொல்லாமல் ஓடினால் ஜெயில் உண்டு, பென்ஷன் போகும், ஊரில் தலைகாட்ட முடியாது. எல்லாம் தெரிந்தும் கட்டினேன். அவ்வளவு நொந்து போயிருந்தேன்.

இன்று பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலோடு நிம்மதியாக இருக்கிறேன். ஆனாலும் அந்த வடக்கத்தி முகாமை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. லாரிகள் நிற்கும் கொட்டகை, டீசல் வாசம், பெரிய மக்கில் டீ. குளிரில் இன்ஜின் கிளம்ப மறுத்தால் ஆளுக்கொரு மொழியில் அதைத் திட்டுவோம். அந்தச் சுபேதார் வரும்வரை எங்கள் கொட்டகையில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

சுபேதார் என்றால் எங்களுக்கு மேலே இருந்து வேலை வாங்குபவர். லாரி ஓட்ட வந்த என்னைத் தன் வீட்டுப் பாத்திரம் கழுவ வைத்தார். எல்லோர் முன்னாலும் என் தாயை இழுத்துத் திட்டினார். லீவு கேட்டால், கிளம்பும் நாளில் ரத்து செய்வார். தங்கை கல்யாணம் நான் இல்லாமலே நடந்தது. அடுத்து என் மனைவி கலைச்செல்விக்குப் பிரசவம் நெருங்கியது. முதல் குழந்தை எங்களுக்குத் தங்கவில்லை. இந்த முறை பக்கத்தில் இருப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கும் லீவு இல்லை என்றார்.

போனில் அழுதுவிட்டேன். ஓடி வந்துவிடுகிறேன் என்றேன்.

“ஏனுங்க, ஓடியாந்தா ஒரு நா சந்தோசமுங்க. அப்பறம் புடிக்கற ஆளு ஊட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. நா நாமக்கல் போயி ஆஞ்சநேயருக்கு வெத்தல மால சாத்தறனுங்க. நீங்க அங்க வாயத் தொறந்து கேளுங்க. வாயுள்ள புள்ளதானுங்க பொழைக்கும்” என்றாள்.

எப்படிக் கேட்பது? கொட்டகையில் எல்லோரும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போடலாம் என்றேன். எங்கள் பக்கம் தறிக்காரர்களும் லாரிக்காரர்களும் கூட்டமாகப் போய்த்தானே கேட்பார்கள்? எங்கள் ஆபீஸ் கிளார்க் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். படையில் கூட்டுப் புகார் பெரிய குற்றமாம். குறை உள்ளவன் தனக்காகத் தானே சொல்ல வேண்டும். முதலில் கம்பெனி என்கிற எங்கள் பிரிவின் அதிகாரியிடம், பிறகு முகாமுக்கே தலைவரான கமாண்டிங் ஆபீசரிடம், அங்கும் தீராவிட்டால் எழுத்து மூலம் மேலிடத்துக்கு. அதிகாரியைப் பார்க்க அனுமதி கேட்டேன். அந்தக் கோரிக்கை சுபேதார் வழியாகத்தான் போக வேண்டும். அவர் கையிலேயே நின்றுவிட்டது.

மிச்சம் இருந்தது மாதக் கூட்டம். சிப்பாய்களை எல்லாம் உட்கார வைத்து, கடைசியில் கமாண்டிங் ஆபீசர், “கோயி பாயிண்ட்?” என்பார். குறை ஏதும் உண்டா என்று அர்த்தம். நாங்கள் யாரும் அசைய மாட்டோம். பூனைக்கு யார் மணி கட்டுவது?

‘ஆஞ்சநேயா, ஒருத்தனையாவது என் துணைக்கு எழுப்பு’ என்று வேண்டிக்கொண்டே எழுந்தேன். நடந்ததை நடந்தபடி என் ஓட்டை இந்தியில் சொன்னேன். ஒருவரும் எழவில்லை. சாமி கைவிட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

அதிகாரி கோபப்படவில்லை. மறுநாள் தன் அறைக்கு வரச் சொன்னார். போனால், வாசலில் என் கொட்டகைக்காரர்கள் நிற்கிறார்கள்! கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அதிகாரியிடமே நேராக, தனித்தனியாக அனுமதி வாங்கி, அவரவர் குறையோடு வந்திருந்தார்கள். தலையில் அடித்துக்கொண்ட கிளார்க்கும் நின்றார். அங்கேயே அழுதேன். வெட்கமே படவில்லை.

விசாரணை நடந்தது. சுபேதாரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எனக்கு லீவு வந்தது. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நான் கலைச்செல்வி பக்கத்தில் இருந்தேன்.

அந்த லீவில் நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன், சுபேதார் கொட்டகைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “என்னையும் இப்படித்தான் பாத்திரம் கழுவ வைத்தார்கள். நான் எழுந்து நிற்கவில்லை” என்றார் இந்தியில். டீ கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

குழந்தையோடு நேர்த்தி செலுத்த நாமக்கல் போனோம். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள். எங்கள் பெயர்களோடு சுபேதார் பெயரையும் சொன்னேன்.

“அந்தாளுக்குமாங்க?” என்றாள் கலைச்செல்வி.

“ஆமா. அவரு பாத்திரம் கழுவுன அன்னைக்கு அவருக்காக யாரும் வேண்டிக்கல.”

அதற்குப் பிறகு நான் எதையும் மனதுக்குள் வைத்துப் புழுங்கியதில்லை. அன்பானவர்களே, உங்கள் பிள்ளையும் படையில் இருக்கலாம். சாமியிடம் சொல்லி அழுவதை அதிகாரியிடமும் சொல்லச் சொல்லுங்கள். நம்பி எழுந்து நிற்பது மட்டும்தான் நம் வேலை. பின்னால் யாரை எழுப்புவது என்பதை அந்த ஆஞ்சநேயன் பார்த்துக்கொள்வான்.