நாங்க அக்கா எழுதிய புத்தகம்

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. "நாங்க அக்கா கடை எது?" என்று கேட்டால் போகிற வருகிற யாரும் கை காட்டுவார்கள். மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், ஒரு தையல் மெஷினும் ஒரு ஸ்டூலும் போட்டதும் நிறைந்துவிட்ட கடை. புதுத்துணி தைப்பதில்லை. பேண்ட் இடுப்பைப் பிடிப்பது, பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது, அவ்வளவுதான் வேலை. துணியைக் கொடுத்தால், "நாங்க பார்த்து வைக்கிறோம், நாளைக்கு வாங்க" என்பாள். உள்ளே அவளைத் தவிர ஈ காக்கை இருக்காது. கடை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் 'நாங்க' என்றுதானே பேசுகிறார்கள்? அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் அவள் வருஷக்கணக்காக ஒளிந்துகொண்டிருந்தாள்.

ஏனென்றால் அவளுக்குள் நிஜமாகவே நாலு பேர் இருந்தார்கள். கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், டாக்டரே சொன்னது. ஒருத்தி அவள். இன்னொருத்தி வாயாடி, காசு குறைத்துக் கொடுத்தவனைத் தெருமுனை வரை துரத்திப் போய்க் கேட்பாள். மூன்றாவது குட்டி, ஆறு வயசைத் தாண்டாதவள், யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் மெஷினுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்வாள். நாலாவது மெதுவா. எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பதால் அந்தப் பேர். சின்ன வயசில் பிறந்த வீட்டில் பட்ட பாடுதான் அவளை இப்படி நாலாகப் பிரித்துவிட்டது. அந்தப் பாட்டை அவளே புத்தகத்தில் எழுதியிருக்கிறாள், இங்கே வேண்டாம், வயிறு எரிகிறது. மற்ற மூவரும் வந்துபோகிற நேரம் அவளுடைய நினைவில் இருக்காது. கத்திரிக்கோலைக் கையில் எடுத்தது தெரியும். அடுத்து கண் விழித்துப் பார்த்தால் வேலை முடிந்து துணி மடித்து வைத்திருக்கும்.

புருஷன் பஸ் ஓட்டுகிறவன். "ஒருத்தியைக் கட்டிக்கிட்டு நாலு பேர்கிட்ட திட்டு வாங்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கைப்பிள்ளையோடு அவளை விட்டுப் போனவன்தான், திரும்பவே இல்லை. அந்தக் கைப்பிள்ளை, அவளுடைய ஒரே மகள், எப்படியோ வளர்ந்தது. யார் வளர்த்தார்கள் என்பது அவளுக்கே சரியாகத் தெரியாது. வளர்ந்ததும் நர்ஸ் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். போனில் பேசுவாள். சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்கு, சரி வைக்கிறேன். பக்கத்து வீட்டு மனுஷியை நலம் விசாரிப்பது மாதிரி இருக்கும். தாய் மனசு என்ன பாடுபட்டிருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

மகள் போன பிறகுதான் வைத்தியம் ஆரம்பித்தது. டாக்டர் அம்மா பொறுமைசாலி. வருஷக்கணக்கில் பேசிப் பேசியே ஒவ்வொருத்தியாக அவளோடு சேர்த்து வைத்தார். வாயாடி முதலில், அப்புறம் குட்டி, கடைசியாக மெதுவா. "அவங்க யாரும் எங்கயும் போகல, உங்களுக்குள்ள கலந்துட்டாங்க" என்றார். அன்றிலிருந்து அவள் 'நான்' என்று பேச ஆரம்பித்தாள். தெருக்காரர்கள் மட்டும் பழைய பேரை விடவில்லை.

எழுதச் சொன்னதும் டாக்டர்தான். வருஷா வருஷம் இடுப்பு பெருத்து, பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடிவரும் பதிப்பாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, போட்டே தீருவேன் என்று நின்றார். 'ஒரு சட்டைக்குள் நாலு பேர்' என்று பேர் வைத்தார்கள். ஊருக்காகவா எழுதினாள் அவள்? ஒரே ஒருத்திக்காக எழுதினாள். அம்மாவுக்கு உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை, பல நேரம் அம்மாவே அங்கே இல்லை, இதைப் படித்தாவது புரிந்துகொண்டு என்னிடம் வந்துவிடு என்று மகளிடம் சொல்லத்தான் அத்தனை பக்கமும். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை.

அச்சுக்குப் போகுமுன் புரூஃப் பார்க்கிறவர் கடைக்கு வந்தார். அவருக்கு ஒரு சந்தேகம். மகள் பேசுகிற இடங்களில் சில பக்கத்தில் 'நீ' என்று இருக்கிறது, சில பக்கத்தில் 'நீங்க' என்று இருக்கிறது, ஒரே பிள்ளை ஒரே அம்மாவிடம் இப்படி மாற்றி மாற்றிப் பேசுமா, எது சரி என்று கேட்டார். நடந்தது நடந்தபடிதான் எழுதியிருந்தாள். கண் விழித்தால் சில சமயம் பிள்ளை மடியில் உட்கார்ந்திருக்கும், "அப்புறம் நீ என்ன பண்ணே?" என்று எதையோ கேட்டுக்கொண்டு. என்ன இது நீ நான் என்று, அம்மாவை நீங்க என்று சொல்லு என அதட்டுவாள். ஒருமுறை கன்னத்தில் ஒன்று வைக்கவும் செய்தாள். பிள்ளை அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு மடியிலிருந்து இறங்கிப் போய்விடும். இதையெல்லாம் அவரிடம் எதற்குச் சொல்வது? எல்லா இடத்திலும் 'நீங்க' என்றே போட்டுவிடுங்கள், மரியாதையாக இருக்கும் என்றாள். அவரும் போட்டுவிட்டார்.

புத்தகம் வந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவளுடைய அண்ணன் குடும்ப மானம் கப்பலேறிவிட்டது என்று போனிலேயே கத்திவிட்டு உறவை முறித்துக்கொண்டார். ரிட்டயர்டான வங்கிக்காரர் ஒருவர், இதெல்லாம் சுத்த நடிப்பு, வீட்டு வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பெண்கள் கண்டுபிடித்த வியாதி என்று பத்திரிகைக்கு எழுதினார். வாசகர் கூட்டம் ஒன்றில் மேடையேற்றிக் கை தட்டினார்கள். தைரியசாலி என்று ஒரு அம்மாள் கட்டிப்பிடித்து அழுதார். கூட்டம் முடிகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, அந்த வாயாடியை ஒரு நிமிஷம் கூப்பிட முடியுமா என்று கேட்டார். அவளைக் குரங்காட்டி என்று நினைத்தார் போல. ஒரு நாள் கடைக்கு ஒரு பெண் வந்து, தைக்க எதுவும் கொடுக்காமல் நின்றாள். "எங்களுக்கும் அப்படித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த 'எங்களுக்கும்' வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அந்த மகள் எவ்வளவு மரியாதையான பிள்ளை! அப்படிப்பட்ட நிலையிலும் அம்மாவை ஒரு வார்த்தை 'நீ' என்று சொல்லவில்லையே! வங்கிக்காரர்கூட அதைப் பாராட்டித்தான் எழுதியிருந்தார்.

நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள் என்று பதிப்பாளர் அவளைத் தேற்றினார். "எனக்கு உள்ளயே நாலு பேர் நாலு விதமாப் பேசினாங்க சார், வெளியில பேசினா என்ன?" என்று சிரித்தாள். சிரிப்பெல்லாம் வாயோடு சரி. ஊர் என்ன சொன்னால் அவளுக்கென்ன? புத்தகம் வந்த அன்றே முதல் பிரதியை மகளுக்கு அனுப்பியிருந்தாள், அங்கிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. போன் மணி அடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பாய்வாள். எடுத்தால் யாருடைய பேண்ட்டோ ரெடியா என்ற கேள்வியாக இருக்கும். இதற்கிடையில் இரண்டாம் பதிப்பு போடப் போகிறோம், திருத்தம் இருந்தால் குறித்துக் கொடுங்கள் என்று பதிப்பாளர் ஒரு பிரதியும் சிவப்புப் பென்சிலும் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். தாய்க்காரிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஸ்டூலைத் துடைத்து உட்கார வைத்து, டீ சொல்லட்டுமா, வெயிலில் வந்தாயே என்று என்னென்னவோ கேட்டாள். மகள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். 'இப்போது நான் ஒருத்திதான். பெரிய நிம்மதி' என்று முடிகிற பக்கம்.

"மெதுவாம்மா எப்ப போனா?" என்று கேட்டாள்.

அந்தப் பேரை இன்னொரு வாயில் கேட்டதும் அவளுக்குத் திக்கென்றது. அந்தப் பேரோடு 'அம்மா' என்று சேர்த்து யாரும் சொன்னதில்லை. போன வருஷம், மழைக்காலத்தில் என்றாள்.

"யார் வீட்டுல சாவு விழுந்தாலும் சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்புவாங்க. எங்கம்மா போனதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

எங்கம்மா. பெற்றவள் எதிரில் நின்றுகொண்டிருக்கிறாள், பிள்ளை இன்னொருத்தியைச் சொல்கிறது. காய்ச்சல் வந்தால் ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பார்த்துக்கொண்டவள், தலை பின்னிவிட்டவள், பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தவள் எல்லாம் மெதுவாதான் என்று மகள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முகத்தைப் பார்த்தாலே யார் என்று தெரிந்துவிடுமாம். தனக்குக் கொடுத்து வைக்காததையெல்லாம் தன்னுடைய கைகளே செய்திருக்கின்றன என்று அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாவின் மேல் அவளுக்குப் பொறாமை வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது.

"அவ எங்கயும் போகலம்மா, எனக்குள்ளதான் கலந்திருக்கான்னு டாக்டர் சொன்னாங்க" என்றாள், பிச்சை கேட்கிற குரலில். "நான்தான் அவ."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் ஆசை இருந்தது, அதுதான் கொடுமை. "அப்போ அவ சொன்ன கதையைச் சொல்லுங்க. ஒட்டகச்சிவிங்கி சட்டை தைக்க வரும். கழுத்து அளவு எடுக்கத் தையல்காரிக்கு ஏணி வேணும். ஏணியை யார் கொடுத்தா?"

அவள் தனக்குள் தேடினாள். கண்ணை மூடிக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் தேடினாள். எதையாவது அடித்து விடலாம், பிள்ளைக் கதைதானே என்று ஒரு கணம் தோன்றியது. மனசு வரவில்லை.

"தெரியலம்மா" என்றாள்.

மகள் தலையாட்டினாள். கோபப்படவில்லை. மெஷின் மேல் கிடந்த புதுப் பிரதியும் பென்சிலும் கண்ணில் பட, எதற்கு என்று கேட்டாள். திருத்தம் போட என்றதும் அதை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தாள். "நான் அவளை நீன்னுதான் கூப்பிடுவேன். புத்தகத்துல ஒரு இடத்துலகூட அது இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஓர் இடத்தில் 'ங்க'வை அடித்தாள். கொஞ்சம் புரட்டி இன்னோர் இடத்தில் அடித்தாள். மடியில் உட்கார்ந்து கதை கேட்கிற அந்தப் பக்கம். அடிக்கிற ஒவ்வொரு இடத்திலும் மகளுக்குக் கண் நிறைந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். மரியாதை என்று தான் போட வைத்த சொல் ஒவ்வொன்றாக உதிர்வதைத் தாய்க்காரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் அறைந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கடைசிப் பக்கம் வந்ததும் மகள் புத்தகத்தை நீட்டினாள். தாய்க்காரி வாங்கிப் பார்த்தாள். சிவப்புக் கோடுகள் நிறைய இல்லை. கோடு விழாத பக்கங்கள்தான் ஏராளம்.

"மிச்சமெல்லாம்?" என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

மகள் பென்சிலை மெஷின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"மிச்சமெல்லாம் நீங்கதான்."