இரண்டு கிலோ நூறு கிராம் போர்வை

ஏழு ஊசிகளையும் எண்ணி முடிக்காமல் வேன் மாமா வண்டியைக் கிளப்ப மாட்டார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மடியில் கிடக்கும் துணிகளைச் சுருட்டிப் பைக்குள் திணிப்பார். பிறகு ஒவ்வொரு ஊசியாக ஒரு பழைய இருமல் மிட்டாய் டப்பாவுக்குள் போட்டபடி வாய்விட்டு எண்ணுவார். ஆறில் நின்றுவிட்டால் போச்சு. ஒரு நாள் அப்படித்தான் நின்றது. பள்ளி விட்டு வந்த பதினெட்டுப் பிள்ளைகளையும் என் கடை வாசலில் நிற்க வைத்துவிட்டு, சீட்டுகளையெல்லாம் கழற்றித் தேடினார். "புள்ளைங்க உக்கார்ற எடம்மா. குத்திடுச்சுன்னா மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்?" இருபது நிமிடம் கழித்து ஒரு சின்னப் பெண்தான், "மாமா, உங்க காலர்ல என்னமோ மின்னுது" என்றாள்.

என் கடை பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே. ஜெராக்ஸ், லேமினேஷன், கூரியர். கடைக்கு நல்ல பெரிய பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் பார்த்ததில்லை. காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை அதற்கு முன்னால் வேன் மாமாவின் வண்டிதான் நிற்கும். நிழல் அங்கேதான் விழுகிறதாம். ஆரம்பத்தில் தினமும் சண்டை போட்டேன். "அண்ணே, கொஞ்சம் பின்னால தள்ளி நிறுத்துங்களேன், எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்பேன். "இதோம்மா, இந்த ஒரு வரிசைய முடிச்சிட்டு" என்பார். எட்டு வருடமாக அந்த ஒரு வரிசை முடியவில்லை.

மற்ற ஓட்டுநர்கள் அந்த ஆறு மணி நேரத்தில் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள், சும்மாவாவது ஒருவரையொருவர் வம்புக்கு இழுப்பார்கள். இவர் ஸ்டியரிங்கின் மேல் ஒரு பரீட்சை அட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார். நூல்கண்டு பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் தொங்கும். ஐம்பத்து நாலு வயதுக்கு நூல் கோர்ப்பது சுலபமில்லை. முனையை நாக்கில் இரண்டு தடவை தொட்டு, ஒரு கண்ணை மூடி, முன் கண்ணாடி வெளிச்சத்தில் பிடித்துக் கோர்ப்பார். யாராவது "டெய்லரம்மா" என்று கூப்பிட்டால், "வாங்க தம்பி, அளவு எடுக்கணுமா?" என்று டேப்பை நீட்டுவார். அதற்கு மேல் எப்படிக் கேலி செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. இது எப்படித் தொற்றிக்கொண்டது என்று கேட்டேன். "சீட்டுக் கவர் கிழிஞ்சுது. தைச்சேன். அப்புறம் கை சும்மா இருக்க மாட்டேன்னுடுச்சு."

என் மெஷினில் கோணலாக விழுந்த நகல்கள், பாதி கறுத்த தாள்கள் எல்லாம் அவருக்குத்தான். அவற்றை உள்ளங்கை அளவு அறுகோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் துணியை மடித்து, பக்கத்துத் துண்டோடு சேர்த்துத் தைப்பார். ஆறு பக்கமும் சேர்ந்த பிறகுதான் உள்ளே இருக்கும் தாளை உருவுவார். ஒரு முறை அப்படி உருவியபோது யாரோ ஒரு பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் கணக்குப் பாடம் மட்டும் வெளியே வந்தது. "முப்பத்தஞ்சு. பாஸுதாம்மா" என்று பெருமூச்சு விட்டார், என்னமோ பெற்ற பிள்ளை தேறிவிட்ட மாதிரி.

போன வருடம் மூன்று முடித்தார். பிள்ளைகள் வண்டியில் விட்டுப்போய் யாரும் திரும்பக் கேட்காத டைகளைச் சேர்த்துப் பள்ளிக் காவலாளியின் முழங்காலுக்கு ஒன்று. பிரசவத்துக்குப் போன மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு, விளையாட்டு விழா பனியன்களில் தொட்டில் அளவுக்கு ஒன்று. மூன்றாவது என் ஜெராக்ஸ் மெஷினுக்கு. ஆமாம், மெஷினுக்குத்தான். "அதுவும் நாள் பூரா நின்னுக்கிட்டே வேல பாக்குது, பாவம்." அதை மட்டும் முக்கோணத் துண்டுகளில் தைத்திருந்தார், அதில் ஒரே ஒரு முக்கோணம் தலைகீழ். எனக்கு வாய் சும்மா இருக்குமா? சுட்டிக் காட்டினேன். "எந்த கிளாஸ்லயும் ஒருத்தன் அப்படித்தாம்மா உக்காந்திருப்பான், விடுங்க" என்றார்.

ஊருக்கெல்லாம் தைத்தவர் கூடவே இருக்கும் அக்காவுக்கு ஒன்றும் கொடுத்ததில்லை. தைக்காமல் இல்லை, அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. அக்கா முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபோது அக்காவுக்குப் பதினாறு வயது, இவருக்கு ஆறு. தலைவாரி விட்டு, சோறு ஊட்டி, படிக்க வைத்து, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தது வரை அக்காதான். இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவின் கணவர் காலமான பிறகு இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தம்பி கையில் ஊசியைப் பார்த்தால் அக்காவுக்குச் சொல்ல ஒரே வசனம்தான்: "நாங்க தையல் போட்டா ஒரு உயிர் பொழைக்கும். நீ போட்டா என்னடா ஆகும்?" இதை வேன் மாமா என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க ஊசியைத் தொடவில்லை.

போன மாதம் அக்காவின் மகன் வெளிநாட்டிலிருந்து டிக்கெட் அனுப்பினான். பனி கொட்டுகிற ஊர். போனால் இனி அங்கேயேதான். மறுநாள் காலையிலேயே வேன் மாமா வீட்டுத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சமையலறைத் திரை, அக்காவின் பழைய வெள்ளைச் சீருடை, இவருடைய நாலாம் வகுப்புச் சட்டை. மற்றவர்களுக்கென்றால் ஆறு மாதம் இழுக்கிறவர் இருபதே நாளில் முழுப் போர்வையை முடித்தார். "குளுருமேம்மா. அங்க யாரு இருக்கா அவங்களுக்குப் போத்தி விட?" என்றார். மகன் இருக்கிறாரே என்றேன். "அவன் ஆபீஸ் போயிடுவானே."

அக்காவின் பெட்டிக்கோ இருபத்து மூன்று கிலோதான் அனுமதி, அதுவும் நிரம்பியாயிற்று. "ஒரு கிலோன்னா பாக்கலாம். அதுக்கு மேலன்னா நீயே வெச்சுக்கோ" என்று கறாராகச் சொல்லிவிட்டாராம். வேன் மாமா போர்வையைத் தூக்கிக்கொண்டு என் கூரியர் தராசுக்கு வந்தார். இரண்டு கிலோ எண்ணூறு. மனிதர் இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனை தையலையும் பிரித்தார். உள்ளே வைத்த பஞ்சை எடுத்துவிட்டு மெல்லிய கம்பளித் துணி வைத்தார். மறுபடி தைத்தார். இரண்டு கிலோ நூறு. தராசை நான் தட்டிக்கூடப் பார்த்தேன், அசையவில்லை. "எடுத்துட்டுப் போக மாட்டாங்கம்மா" என்றார். "எனக்கு எவ்வளவோ செஞ்சாங்க. நான் குடுக்கணும்னு நெனைச்சது இது ஒண்ணுதான்." சொல்லிவிட்டுத் துணியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. முகம்கூடச் சரியாகத் தெரியாத அந்த அக்காவின் மேல் அப்படி ஒரு கோபம்.

வியாழக்கிழமை கிளம்பினார்கள். மாலையில் விமானம். காலை டிரிப் முடித்து அக்காவை ஏற்றி, விமான நிலையத்தில் விட்டுவிட்டு, பள்ளி விடுவதற்குள் இவர் திரும்பியாக வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் இரண்டு நகல் எடுக்க என் கடை வாசலில் வண்டி நின்றது. அக்கா முன் சீட்டில், பயணத்துக்கென்று தைத்த வெளிர்நீலச் சுடிதாரில், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் தாள்களை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் இவர் பின் சீட்டிலிருந்து போர்வையை இழுத்துவிட்டார். ஓரம் மடித்துத் தைப்பதில் ஒரு முழம் பாக்கியாம். போர்வை அவர் மடி, கியர், அக்கா மடி எல்லாவற்றையும் மூடிக் கிடந்தது.

"இப்ப எதுக்குடா இது? நான்தான் கொண்டு போகலன்னு சொல்லிட்டேனே."

"உனக்குன்னு யாரு சொன்னா? நான் பாட்டுக்குத் தைக்கறேன்."

"மூக்குக்கு மேல கோவத்தப் பாரு."

"வளத்தது நீதானே."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் குனிந்த தலை நிமிராமல் தைத்தார். மெஷின் சூடாகி, நான் நகல்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டு போகக் கதவைத் திறந்து இறங்கினார். இரண்டு அடி வைத்தார். போர்வையும் கூடவே இறங்கி வந்தது. அழுத கண்ணோடு தைத்த மனிதர், போர்வையின் ஓரத்தோடு அக்காவின் சுடிதார் ஓரத்தையும் சேர்த்து ஒரு ஜாண் தைத்து வைத்திருக்கிறார்!

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கோ பேயறைந்த முகம். "ஐயோ அக்கா, அசையாதே! பிரிச்சிடறேன், பத்தே நிமிஷம்" என்று அந்தப் பக்கமிருந்து ஓடி வந்தார்.

அக்கா குனிந்து அந்தத் தையலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒரே அளவில், நெருக்கமாக, பிசிறில்லாமல் இருந்தது, விட்டுக்கொடுக்கவில்லை.

"நல்லா போட்டிருக்கேடா" என்றார்.

வேன் மாமா கையிலிருந்த ஊசியைக் காலரில் குத்திக்கொண்டார்.

"கத்திரிக்கோலக் குடு."

கொடுத்தார். அக்கா தையலின் பக்கம் போகவே இல்லை. தையலைச் சுற்றியிருந்த தன் சுடிதார்த் துணியை வெட்டினார். "அக்கா, புதுசு!" என்று இவர் பதறியது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. வெளிர்நீலத் துண்டு போர்வையிலேயே தங்கிவிட்டது.

"ஏம்மா, பெட்டியத்தானே எடை போடுவாங்க?" என்று என்னிடம் கேட்டார். "மேல போத்திட்டுப் போனா யாரு என்ன சொல்லப் போறா?"

பதினோரு மணி வெயில் சுள்ளென்று அடித்தது. அக்கா அந்தப் போர்வையைத் தோளைச் சுற்றிப் போட்டு, கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.